சபோல்ச்சின் முப்பத்தோராம் நாள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடைய பிழையிலிருந்து பிறந்தது. எழுத்துப் பிழை என்றால் மன்னித்துவிடலாம். நான் செய்தது, ஹங்கேரியில் நல்ல சுகத்தோடு இருந்த ஒரு மனிதரை லண்டனில் சாகடித்தது.

கிழக்கு லண்டனில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குக் கோவிலுக்கு ஞாயிறுதோறும் ஒரு தாள் அச்சாகும். வாசகங்கள், பாட்டு எண்கள், கடைசிப் பக்கத்தில் பூசைக் கருத்துகள், அதாவது யார் யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்ற பட்டியல். அதற்கு இரண்டு தலைப்புகள்: "உயிரோடிருப்போருக்காக", "இறந்தோருக்காக". சனங்கள் வியாழக்கிழமைக்குள் எனக்கு வாட்ஸப்பில் பெயர் அனுப்புவார்கள். நான் தட்டச்சு செய்து சுவாமிக்கு, அதாவது பங்குக் குருவுக்கு, அனுப்புவேன். நான்கு சிறுகதை எழுதி மூன்று திரும்பி வந்த றஜீனாவுக்கு (அது நான்தான்) வாராவாரம் இருநூறு வாசகர் கிடைப்பதென்றால் லேசா? அந்தத் தாளை என் படைப்பென்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதையை எப்படித் தொடங்குவதென்று நிறைய யோசித்தேன்.

முதல் தொடக்கம்: "தேம்ஸ் நதியின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில்..." (எங்கள் குட்மேய்ஸில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் தேம்ஸ் தெரியாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "ஹங்கேரியின் முதல்தரக் கால்பந்து லீக்கில் பன்னிரண்டு அணிகள் உள்ளன." (உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் இப்போதே சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். பிறகு வைத்துக்கொள்ளலாம்.)

மூன்றாவது: "கஸ்பர் தன் மனைவியிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை." (இதை எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன். ஆனாலும் ஏப்ரல் மாதம் வரைக்கும் இது சரியாகத்தான் இருந்தது.)

2

கஸ்பருக்கு ஐம்பத்தாறு வயது. ஊரில் பேசாலை என்ற கடற்கரைக் கிராமத்துக்காரர். வீடுகளுக்குக் கார்ப்பெட் போடுவது தொழில். கார்ப்பெட்டை மூலைவரை இழுத்து விரிக்க ஒரு கருவி உண்டு, அதை முழங்காலால் இடித்து இடித்துத்தான் தள்ளவேண்டும். இருபது வருடம் இடித்ததில் அவருடைய வலது முழங்கால் அவருக்கு முன்னாலேயே ஓய்வுபெற்றுவிட்டது. படி ஏறும்போது "அந்தோனியாரே" என்று ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை சொல்வார்.

மனைவி மரியமலர் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. யார் தட்டில் எவ்வளவு மிச்சம் வைக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்தும் கவலைப்படுகிற ஆள்.

கஸ்பர் 2001இல் புறப்பட்டவர். ரஷ்யா, உக்ரைன், பிறகு ஹங்கேரி. ஹங்கேரியில் ஓர் அகதி முகாமில் பதினான்கு மாதம் மாட்டுப்பட்டார். பிறகு எப்படியோ லண்டன் வந்து, குரோய்டனில் அகதி விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்று, புறப்பட்டு ஏழு வருடம் கழித்து மரியமலரைக் கூப்பிட்டார். ஹங்கேரியில் என்ன செய்தீர்கள் என்று மனைவி எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டார். வந்த பதில் எப்போதும் ஒரு சொல்தான். "இருந்தனான்."

ஆனால் அந்தப் பதினான்கு மாதத்திலிருந்து அவர் ஒன்றை மட்டும் லண்டனுக்குக் கொண்டுவந்திருந்தார். அதுதான் திஸாவார் கால்பந்து அணி.*

(* திஸாவார் என்று ஓர் ஊர் இல்லை. அணியும் இல்லை. உண்மையான அணியின் பெயரைச் சொன்னால் கஸ்பர் அண்ணை என்னோடு கதைக்க மாட்டார். ஆகவே இணையத்தில் தேடாதீர்கள்.)

முகாமுக்குப் பக்கத்தில் அந்த அணியின் மைதானம். இடைவேளை முடிந்ததும் வாசலில் நிற்பவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், கேற் திறந்தே கிடக்கும். காசில்லாத கஸ்பர் உள்ளே போவார். அப்படிப் பதினேழு இரண்டாம் பாதிகளை அவர் நேரில் பார்த்திருக்கிறார். முதல் பாதி ஒன்றையும் பார்த்ததில்லை. இன்றைக்கும் கைபேசியில் ஆட்டம் ஓடும்போது முதல் நாற்பத்தைந்து நிமிடம் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டு நிற்பார்.

3

இப்போது அந்த இரண்டாவது தொடக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வொரு அணியோடும் மூன்று தரம் மோதும். ஆக, முப்பத்துமூன்று சுற்று. கோடையில் தொடங்கி, மார்கழியில் பனிக்குப் பயந்து கதவைச் சாத்தி, தை முடிவில் திறந்து, வைகாசியில் முடிப்பார்கள். கடைசி இரண்டு இடத்தில் நிற்பவர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும்.

(கஸ்பர் இதை எனக்கு விளக்கும்போது மேசையில் பன்னிரண்டு பிஸ்கட்டை அடுக்கினார். விளக்கி முடிக்கையில் ஒன்பதுதான் மிஞ்சியது. திஸாவார் பிஸ்கட்டை மட்டும் நான் தொடவில்லை.)

இந்தப் பருவம் திஸாவாருக்குச் சனிதிசை. அவர்களுடைய கோல்கீப்பர் சபோல்ச், முப்பத்தாறு வயது, ஆடி மாதத்திலேயே முழங்காலை உடைத்துக்கொண்டு சத்திரசிகிச்சைக்குப் போய்விட்டார். பதிலுக்கு நின்ற பொடியனுக்குப் பந்து வருகிற திசையும் இவன் பாய்கிற திசையும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. இருபத்தெட்டு சுற்று முடிய அணி பன்னிரண்டாவது இடம். பாதுகாப்பான பத்தாவது இடத்துக்கு ஏழு புள்ளி தூரம்.

இருபத்தொன்பதாம் சுற்றுக்கு சபோல்ச் திரும்பி வருகிறார் என்று செய்தி வந்தது. முழங்காலின் அருமை கஸ்பருக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமை எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "தங்கச்சி, ஞாயிறு பூசையில சபோல்ச் எண்ட பேருக்கு ஒரு கருத்துப் போடுங்கோ." வேறு விவரம் இல்லை. ஒரு கோல்கீப்பரின் முழங்காலுக்குப் பூசை என்று எழுத அவருக்கு வெட்கமாக இருந்ததாம்.

எனக்கு ஓர் அனுபவ அறிவு உண்டு. உயிரோடிருப்பவர்களுக்குப் பூசை கேட்பவர்கள் விவரத்தை அள்ளிக் கொட்டுவார்கள்: மகளின் ட்ரைவிங் டெஸ்ட், தம்பியின் விசா, சித்தியின் பித்தப்பைக் கல். வெறும் பெயரை மட்டும் அனுப்பினால் அது செத்தவர்தான். நான் யோசிக்கவே இல்லை.

4

ஞாயிற்றுக்கிழமை சுவாமி வாசித்தார்: "இறந்துபோன சபோல்ச்சின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, ஒப்புக்கொடுப்பவர் கஸ்பர் குடும்பம்." இருநூறு பேரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். கஸ்பர் மட்டும் தாளைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

பூசை முடிந்து கோவில் மண்டபமான ஹோலில் தேத்தண்ணியும் உருளைக்கிழங்கு அடைத்த ரோல்ஸும். ஒவ்வொருவராக வந்து கஸ்பரின் கையைப் பிடித்தார்கள். ஒருவர் தோளைத் தட்டி, "எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்று கோபித்தார். மரியமலர் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"ஆரப்பா சபோல்ச்?"

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, கஸ்பருக்கு ஒரு நல்ல பதிலை எழுதிக் கொடுக்கவேண்டும் போலிருக்கிறது. "அது ஒரு கோல்கீப்பர், மலர். றஜீனா பிழையாப் போட்டிட்டாள்." அவ்வளவுதான். எல்லோரும் சிரித்திருப்பார்கள், நான் ஒரு கிழமை தலை குனிந்து நடந்திருப்பேன், உங்களுக்கும் வேறு வேலை பார்க்க நேரம் கிடைத்திருக்கும். ஆனால் சுற்றிப் பத்துப் பேர் ரோல்ஸும் கையுமாக நிற்கும்போது ஐம்பத்தாறு வயது மனிதர் பந்தாட்டக்காரனுக்குப் பூசை கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வார்?

"அங்க காம்பில இருக்கேக்க..." என்று தொடங்கினார். பிறகு தன் கையிலிருந்த ரோல்ஸைப் பார்த்தார். "எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து தந்த மனுசன். இப்பத்தான் கேள்விப்பட்டனான்."

மரியமலரின் கண் நிறைந்துவிட்டது.

5

அன்று பின்னேரம் திஸாவார் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது. சபோல்ச் ஒரு பெனால்ட்டியைத் தடுத்தார்.

ஆறுதல் சொல்லத் திங்கட்கிழமை கஸ்பருக்குப் போன் எடுத்தபோதுதான் என் பிழை தெரிந்தது. அடுத்த தாளில் திருத்தம் போடுகிறேன் என்றேன். அவர் அரை நாள் வேலையை விட்டுவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, திருத்தம் வேண்டாம்."

"அண்ணை, உயிரோட இருக்கிற மனுசன்!"

"ஓம், இருக்கிறார். நல்லா இருக்கிறார். செத்தாப்பிறகுதான் இந்த விளையாட்டு விளையாடுறார். இன்னும் நாலே நாலு சுற்றுத்தான். அதுவரைக்கும் அப்பிடியே கிடக்கட்டும்."

"காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையண்ணை இது."

"காகத்தை எழுப்பாதேங்கோ எண்டுதான் நானும் சொல்லுறன்."

நான் திருத்தம் போட நினைத்தாலும் முடிந்திருக்காது. வியாழக்கிழமை மரியமலரிடமிருந்தே செய்தி வந்தது: "சபோல்ச் அண்ணைக்கு இந்த ஞாயிறும் போடுங்கோ பிள்ளை." கூடவே மூன்று கூப்பிய கைகள். நான் போட்டேன். முப்பதாம் சுற்று, வெற்றி. மறுபடி போட்டேன். முப்பத்தோராம் சுற்று, சமநிலை. மறுபடியும். முப்பத்திரண்டு, வெற்றி. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள், இவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். அணி பதினோராம் இடத்துக்கு வந்து, பத்தாவது அணிக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்றது. கடைசி ஆட்டம் அந்தப் பத்தாவது அணியோடேயே. வென்றால் தப்பலாம், வேறெதுவும் உதவாது.

6

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது இங்கேதான். மரியமலர் முப்பத்தோராம் நாள் செய்யவேண்டும் என்றார்.

இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் பூசை கொடுத்து, சனத்தைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம். அந்த முதல் ஞாயிற்றிலிருந்து எண்ணினால் அது செவ்வாயில் விழுந்தது. லண்டனில் முப்பத்தோராம் நாள் என்பது ஹோல் கிடைக்கிற நாள்தான். அதற்கு முந்திய சனி பின்னேரம் கிடைத்தது. கடைசிச் சுற்று நடக்கிற அதே சனி, கிட்டத்தட்ட அதே நேரம்.

நினைவு அட்டையின் வாசகத்துக்காக மரியமலர் என் வீட்டுக்கு வந்தார். நான் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, விடயத்தை எப்படியாவது நிறுத்தலாமா என்று பார்த்தேன்.

"அக்கா, அறுபது பேருக்குச் சமைக்கோணுமே? ஒரு பூசையோட விடலாம்தானே. அந்த மனுசனை நீங்கள் கண்டதுகூட இல்லை."

"காணேல்லைதான்." கைப்பையின் வாரை அவர் சுற்றிச் சுற்றி முறுக்கினார். "பிள்ளை, நான் ஏழு வருசம் அங்க தனிய இருந்தனான். ஒவ்வொரு நாளும் சோத்தில கை வைக்கேக்க நினைப்பன், இந்த மனுசன் சாப்பிட்டுதோ எண்டு. போனில கேட்டா, ஓம் ஓம் எண்டும். இஞ்ச வந்து கேட்டா, இருந்தனான் எண்டும். இருபது வருசமா எனக்குள்ள அது ஒரு முள்ளு. இப்பத்தான் தெரியுது, ஒருத்தர் பாத்துக்கொண்டவர் எண்டு. அந்த மனுசனுக்காக ஒரு நேரச் சாப்பாடாவது நான் போடவேண்டாமே?"

நான் அட்டையைத் தட்டச்சு செய்தேன். படம் கஸ்பர் அனுப்பியது, அணியின் இணையத்தளத்திலிருந்து எடுத்தது. கையுறைகளை வெட்டி நீக்கிவிட்டு முகத்தை மட்டும் வைத்தேன். என் எழுத்து வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான வேலை அதுதான் என்று அப்போதே தெரிந்தது.

(கஸ்பரை நான் நம்பலாமா? ஒரு பாத்திரமாக இந்த இடத்தில் அவர் எனக்குப் பிடிக்காமல் போகிறார். மனைவியின் கண்ணீரை வைத்துப் புள்ளி சேர்க்கிற மனிதர். அவரைக் கொஞ்சம் நல்லவராக்க ஒரு வசனம் எழுதினேன்: "அன்றிரவு கஸ்பர் தூங்கவில்லை..." அவர் நன்றாகத் தூங்கினார் என்று மரியமலர் சொன்னார். ஆகவே அடித்துவிட்டேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் அவர் மனைவியின் சமையலில் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிடவில்லை. இதுவும் மரியமலர் சொன்னதுதான். துக்கத்தில் இருக்கிறார் என்று மனைவி நினைத்தார்.)

7

அந்தச் சனிக்கிழமைக்கு முன்னாலேயே நான் முடிவுகளை எழுதத் தொடங்கிவிட்டேன். எழுத்தாளருக்குப் பொறுமை கிடையாது.

முடிவு அ: கஸ்பர் நடைபாதையில் ஒளிந்து நின்று ஆட்டத்தைப் பார்க்கிறார். மரியமலர் அவருக்குத் தட்டோடு வருகிறார். கைபேசியில், செத்த மனிதர் இடதுபக்கம் பாய்ந்து பந்தைப் பிடிக்கிறார். தட்டு விழுகிறது. (இதை ஒரு பக்கம் எழுதி விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் இதில் கஸ்பர் பிடிபடுகிறார், அவ்வளவுதான். பிடிபட்டவன் சொல்லும் உண்மைக்கு மரியமலர் என்ன மதிப்பு வைப்பார்?)

முடிவு ஆ: சபோல்ச்சே லண்டனுக்கு வருகிறார், மரியமலர் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ் குடிக்கிறார், ... (மூன்று வரியில் விட்டுவிட்டேன். ஹீத்ரோவிலிருந்து குட்மேய்ஸுக்கு அவரைக் கூட்டிவரவே எனக்கு வழி தெரியவில்லை.)

முடிவு இ: ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் சித்திரையில் சபோல்ச்சுக்குத் திவசப் பூசை நடக்கிறது. சபோல்ச் அங்கே பயிற்சியாளராகி, தொப்பை வைத்து, பேரப்பிள்ளை கண்டு, நலமாக இருக்கிறார். மரியமலர் சாகும்வரை அவருக்காக மன்றாடுகிறார். (இதுதான் நடக்கும் என்று நினைத்தேன்.)

8

பூசை முடிந்து ஹோலில் அறுபத்துநான்கு பேர். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன்குழம்பு, நண்டு. நண்டு எதற்கு என்று கேட்டேன். "அவர் கடல் இல்லாத நாட்டு மனுசன். நண்டு கண்டிருக்க மாட்டார்" என்றார் மரியமலர்.

கஸ்பர் கடைசி மேசையில், நினைவு அட்டைக்குப் பின்னால் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தார். இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. ஒன்றுக்கு ஒன்று. நான் பக்கத்தில் இருந்தேன். நானும் சோற்றைத் தொடாமல் அந்தத் திரையையே பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. நான்கு வாரம் ஒரு மனிதரின் கூடவே கணக்குப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

எழுபதாவது நிமிடத்தில் மரியமலர் மைக்கைப் பிடித்தார். ஹோலில் அவர் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

"எனக்குப் பேச வராது," என்றார். "அந்த நாட்டில இவருக்கு ஒருத்தரும் இல்லையெண்டு நான் நினைச்சிருந்தன். இவர் பசி கிடந்திருப்பார், அதுதான் சொல்லாமல் இருக்கிறார் எண்டு நினைச்சிருந்தன். இவரைப் பாத்துக்கொள்ள ஆண்டவர் ஒருத்தரை அனுப்பியிருக்கிறார். அவரின்ர பேருக்கு எல்லாரும் வயிறாரச் சாப்பிடுங்கோ. மிச்சம் வைக்காதேங்கோ."

திஸாவாருக்கு ஒரு கோர்னர் கிடைத்தது. எதிரணியினர் எல்லோரும் கோலுக்கு முன்னால் குவிந்தார்கள். கஸ்பர் கைபேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

எழும்பும்போது "அந்தோனியாரே" என்றார். ஆட்களுக்கிடையில் நொண்டி நொண்டிப் போய், மனைவியின் கையிலிருந்த மைக்கை வாங்கி அணைத்தார். மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, இரண்டு கதிரை. அங்கே அவரை இருத்தி, தானும் இருந்தார். நான் தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் போனேன். தண்ணீர் ஒருவரும் கேட்கவில்லை, என் குற்றத்துக்கு நானும் நிற்கவேண்டும் என்று போனேன்.

"மலர், அந்தாள் சாகேல்லை."

மரியமலர் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்தார்.

"சாகேல்லையோ?"

"இல்லை. இப்ப பந்தடிச்சுக்கொண்டு நிக்கிறார். அவர் ஒரு கோல்கீப்பர்."

"என்ர மாதாவே!" மரியமலர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தார். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "உயிரோட இருக்கிறாரோ? அப்ப நான் கதைக்கலாமே அவரோட! ஒரு நன்றி சொல்லலாமே!"

நான் அழுதுவிட்டேன். எத்தனையோ முடிவு எழுதிப் பார்த்தேன், இந்த மகிழ்ச்சி மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. கஸ்பர் இன்னும் ஒரு படி இறங்கவேண்டியிருந்தது.

"அவருக்கு என்னைத் தெரியாது, மலர். அவர் எனக்குச் சாப்பாடு தரேல்லை. நான் அண்டைக்கு ஹோலில வாய்க்கு வந்ததைச் சொன்னனான்."

ஹோலில் கரண்டிச் சத்தம், பிள்ளைகள் ஓடும் சத்தம். மரியமலர் கோபிப்பார் என்று கஸ்பர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அவர் முன்னால் குனிந்து, கணவரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அப்ப அங்க உங்களுக்கு ஆர் சோறு போட்டது?"

கஸ்பர் கதிரையை அவர் பக்கம் இழுத்தார். "இருந்தனான்" என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

"முதல் நாலு மாசம் ஒருத்தரும் இல்லை," என்றார். அவருடைய குரல் எனக்குத் தெரியாத ஒரு குரலாக இருந்தது. "அந்த நாலு மாசம் என்ன செய்தனான் எண்டா..."

9

இதற்கு மேல் எனக்கு எழுத உரிமையில்லை.

ஆட்டத்தின் முடிவு வேண்டுமா? கவிழ்ந்த கைபேசியை அன்று ஒருவரும் நிமிர்த்தவில்லை. திஸாவாரை நான் இறக்கினாலும் ஏற்றினாலும் நீங்கள் சரிபார்க்க முடியாது. உங்களுக்குப் பிடித்த கோலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் அந்தச் சின்ன மேசையை விட்டுவிடுங்கள். இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு மனிதர் பசித்த கதையைத் தன் மனைவிக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். அதை ஒட்டுக்கேட்டு எழுதினால் எனக்கு நல்ல கதை கிடைக்கும், அதுவும் எனக்குத் தெரியும். நான் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போகிறேன். நீங்களும் எழும்புங்கள், கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளுங்கள். அறுபத்துநான்கு பேர் சாப்பிட்டிருக்கிறார்கள், கழுவ ஆள் காணாது.